பொம்மையின் ஆடைப்பெட்டி

1994ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மேட்டல் நிறுவனம் பழைய பொம்மை ஒன்றைப் புதிதாகச் செய்து சந்தைக்கு அனுப்பியது. 1959 மார்ச் மாதம் நியூயார்க் நகரத்து விளையாட்டுப் பொருட் கண்காட்சியில் முதன்முதல் வைக்கப்பட்ட பார்பியின் மறுவார்ப்பு அது. முப்பத்தைந்தாம் ஆண்டு நிறைவுக்கென வெளியிடப்பெற்றது. கறுப்பும் வெள்ளையும் மாறி மாறி வரும் வரிகளையுடைய நீச்சலுடை, நெற்றியில் சுருண்டு விழும் முன்மயிர், பின்னே உயர்த்திக் கட்டிய குதிரைவால் சடை, வில்லென வளைந்த புருவம், எதிரே நிற்பவரைப் பாராமல் ஓரமாகச் சாயும் கண்கள் என யாவும் அப்படியே திரும்பி வந்தன. அதனை வாங்கியவர்களில் கணிசமானோர் சிறுமியர் அல்லர். 1960களில் சிறுமியராக இருந்தவர்கள். முயற்சி பலித்தது. 1990களின் நடுவில் பழைய உடைகள் சிலவும் மீண்டும் தைக்கப்பட்டன. 2000ஆம் ஆண்டில், பீங்கானின் கனமும் வழுவழுப்பும் தோன்றுமாறு செய்த ஒருவகைக் கெட்டி வினைலில், சில்க்ஸ்டோன் என்ற பெயரோடு ஒரு வரிசையே தொடங்கிற்று. ராபர்ட் பெஸ்ட் என்னும் வடிவமைப்பாளரின் கைவண்ணம் அது. 1959ஆம் ஆண்டின் முகம், 1950களின் பாரிஸ் நாகரிகம், வளர்ந்தவர்களின் பணப்பைக்கேற்ற விலை.

இத்தகைய பொம்மைகளைச் சேகரிப்போரிடையே ஒரு நியதி உண்டு. பெட்டி பிரிக்கப்படாத பொம்மைக்கே உயர்ந்த மதிப்பு. பிரித்த பொம்மை ஒரு படி கீழே. விளையாடிய பொம்மை இன்னும் கீழே. பிள்ளையின் விரல் பட்டுக் கலைந்த கூந்தலும், பற்பட்ட காலும், தொலைந்துபோன ஒற்றைச் செருப்பும் அதன் விலையைச் சரித்துவிடுகின்றன. 2006 செப்டம்பரில் லண்டன் கிறிஸ்டீஸ் ஏலக்கூடத்தில் 1965ஆம் ஆண்டைச் சேர்ந்த பார்பி ஒன்று 9,000 பவுண்டுக்கு விலைபோயிற்று. நாற்பதாண்டுக் காலம் எந்தக் குழந்தையும் அதனை அடித்து நொறுக்காமல் இருந்ததற்குக் கிடைத்த பரிசு என்றே அந்தத் தொகையைக் கருதத் தோன்றுகிறது.

இஸ்லாமியப் பண்பாடு பேசும் இதழில் இந்தப் பொம்மைக்கு என்ன வேலை என்று வாசகர் கேட்கலாம். கடந்த கால் நூற்றாண்டில் முஸ்லிம் உலகம் மிகுதியாக விவாதித்த விளையாட்டுப் பொருள் இதுதான். தடைசெய்தோம், மாற்றுப் பொம்மை செய்தோம், அதற்கு முக்காடிட்டோம், முக்காட்டின் நிறத்தைப் பற்றியும் வாதிட்டோம். அந்த வாதம் அனைத்தும் பொம்மை என்ன உடுத்தியிருக்கிறது என்பதையே சுற்றி வந்தது. அதற்கு ஏன் அத்தனை உடைகள் என்று கேட்டவர் சிலரே. பொம்மை யாருடைய கையில் இருக்கிறது என்று கேட்டவர் அதனினும் சிலர். நம் ஹதீஸ் நூல்களும் ஃபிக்ஹு நூல்களும் இந்த இறுதி வினாவைத்தான் முதலில் கேட்கின்றன என்பது என் துணிபு. அதற்கு வருமுன் அந்த ஆடைப்பெட்டியைச் சற்றுத் திறந்து பார்ப்போம்.

பார்பியின் முன்னோடி ஒரு ஜெர்மானியப் பொம்மை. பில்டு என்னும் நாளேட்டில் 1952 முதல் வந்த கேலிச்சித்திர நாயகி லில்லி. 1955இல் அவளைப் பொம்மையாக்கினார்கள். புகையிலைக் கடைகளில் ஆடவர்க்கு விற்கப்பட்ட வேடிக்கைப் பொருள் அவள். மேட்டல் நிறுவனத்தை நிறுவியவர்களுள் ஒருவரான ரூத் ஹேண்ட்லர் 1956இல் சுவிட்சர்லாந்தின் லூசெர்ன் நகரில் அவளைக் கண்டு வாங்கிச் சென்றார். அவருடைய மகள் பார்பரா காகிதப் பொம்மைகளுக்குக் காகித உடைகளை மாட்டிக் கழற்றி விளையாடுபவள். கைக்குழந்தைப் பொம்மையை விட வளர்ந்த பெண்ணின் உருவிலுள்ள காகிதப் பொம்மைகளிடமே அவளுக்கு ஈடுபாடு. இதைக் கவனித்த தாய்க்கு உதித்த எண்ணமே பார்பி. ஆக, உடை மாற்றும் விளையாட்டு முன்னே பிறந்தது. அதை மாட்டுவதற்கு ஓர் உடல் பின்னே தேடப்பட்டது. பார்பியின் உடலமைப்பைப் பற்றி ஏராளமாக எழுதப்பட்டிருக்கிறது. அந்த உடல் ஒரு துணி மாட்டும் சட்டமாகவே வடிக்கப்பட்டது என்பதை அவ்வெழுத்துகள் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை. பதினொன்றரை அங்குல உயரத்தில், மனிதருக்கு ஆறில் ஒரு பங்கு அளவில் உடை தைக்கும்போது துணியின் கனம் ஆறில் ஒரு பங்காகக் குறைவதில்லை. மடிப்பும் தையலும் இடுப்பில் திரண்டு நிற்கும். இடை அத்தனை சிறுத்ததற்கு நிறுவனத்தார் சொன்ன காரணம் இது. முழுமையான விளக்கமாக இதனை ஏற்க இயலாது. ஆயினும் தையற்காரர் எவரும் இதைப் பொய்யென்று தள்ளமாட்டார்.

அந்த உடைகளைப் பழிப்பதற்கு முன் பாராட்டிவிட வேண்டும். ஷார்லட் ஜான்சன் என்னும் ஆடை வடிவமைப்பாளர் ஜப்பானுக்கு அனுப்பப்பட்டார். முதற்பொம்மைகளும் அவற்றின் உடைகளும் அங்கேதான் உருவாயின. தம் வீடுகளில் இருந்தபடியே தைத்த ஜப்பானியப் பெண்களின் கைவேலை அது. உள்துணி இட்ட மேலங்கி, உண்மையாகவே திறந்து மூடும் நகமளவுப் பொத்தான், விரற்கடை நீளத்து உலோக ஜிப், கழுத்தோரத்தில் பெயர்ச்சீட்டு என, பெரியவர்களின் ஆயத்த ஆடைகளில்கூடக் காணக்கிடைக்காத நேர்த்தி. ‘கே பாரிசியன்’ என்ற நீலப் புள்ளியுடையும் அதன் வெண்மயிர்ப் போர்வையும், ‘ரோமன் ஹாலிடே’ என்ற சிவப்பு வெள்ளைக் கோட்டு உடையும் சேகரிப்போர் இன்றும் பெருமூச்சோடு உச்சரிக்கும் பெயர்கள். இரண்டாவதோடு வந்த, பெயரின் முதலெழுத்துப் பொறித்த ஒரு சிறு முகப்பூச்சுப் பெட்டி பெரும்பாலும் தொலைந்துபோய்விட்டதால், அது இருக்கும் உடைக்கும் இல்லாத உடைக்கும் விலையில் பெரும் வேறுபாடு. கலைப்பொருள் என்று இவற்றைச் சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை. பெயர் தெரியாத அந்தப் பெண்களின் தையலை மதிக்காமல் இப்பொம்மையைப் பற்றி எழுதுவது அநீதி.

ஆனால் அந்த நேர்த்தி ஒரு கணக்குக்குப் பணிபுரிந்தது. பொம்மையின் விலை 3 டாலர். உடைகள் தனித்தனியே விற்கப்பட்டன. திருமண உடை போன்ற சிலவற்றின் விலை பொம்மையின் விலையையே மிஞ்சியது. சவரக் கத்தியை மலிவாகக் கொடுத்து அலகைத் தொடர்ந்து விற்கும் வணிக முறை என இதனை அந்நாட்டு வணிக நூல்களே ஒப்பிடுகின்றன. பொம்மை ஒருமுறைதான் வாங்கப்படும். ஆடைப்பெட்டிக்கு நிறைவு கிடையாது. ஒவ்வோர் உடையும் அடுத்த உடையின் பசியைத் தூண்டுவதற்காகவே தைக்கப்பட்டது.

இதற்குத் தாய்மார்கள் எப்படி இணங்கினார்கள்? அங்கேயும் அக்காலத்தில் எதிர்ப்பிருந்தது. முலையுள்ள பொம்மையைச் சிறுமியின் கையில் கொடுப்பதா என்று அமெரிக்கத் தாய்மாரே முகஞ்சுளித்தனர். வியன்னாவிலிருந்து வந்து குடியேறிய உளவியலாளர் எர்னஸ்ட் டிக்டரை மேட்டல் நிறுவனம் அமர்த்தியது. ஆராய்ந்த அவர் காட்டிய வழி எளியது: இப்பொம்மை உங்கள் மகளுக்குச் சீராக உடுத்தவும் நேர்த்தியாக நடந்துகொள்ளவும் கற்றுத்தரும் என்று தாயை நம்பச் செய்யுங்கள். விளையாட்டு நற்பழக்கப் பாடமாக வேடமிட்டது; எதிர்ப்பு தணிந்தது. இந்த டிக்டரை வாசகர் நினைவில் வைத்திருக்க வேண்டும். நாற்பத்து நான்கு ஆண்டுகள் கழித்து அவருடைய யோசனை மேற்காசியாவில் மறுபடியும் தலைகாட்டுகிறது.

2003 செப்டம்பரில் சவூதி அரேபியாவின் நன்மை ஏவித் தீமை தடுக்கும் அமைப்பு, பார்பி ஒழுக்கத்திற்குக் கேடு என அறிவித்தது. அவளை யூதப் பொம்மை எனவும் அது இழித்துரைத்தது. ரூத் ஹேண்ட்லர் போலந்திலிருந்து வந்த யூதக் குடும்பத்தின் மகள் என்பது உண்மையே. ஒரு பொருளைச் செய்தவரின் குலத்தைச் சுட்டிப் பொருளை விலக்குவது விமரிசனமும் அன்று, மார்க்கத் தீர்ப்பும் அன்று. அதனால் அந்த அறிவிப்பு உலக ஏடுகளின் நகைப்புக்கு இலக்காயிற்று. அதிலிருந்த நியாயமான கவலையும் அந்த நகைப்பில் கரைந்துபோயிற்று.

அதே ஆண்டு நவம்பரில் ஃபுல்லா வந்தாள். நியூபாய் என்ற அரபு நிறுவனத்தின் வெளியீடு. டமாஸ்கஸில் உருவம் பெற்று, சீனத்தில் வார்க்கப்பட்டு, அரபு நாடுகளெங்கும் பரவினாள். ஃபுல் என்பது ஒரு மலரின் அரபுப் பெயர்; நம் கூடைக்காரி முழம்போட்டு விற்கும் மல்லிகைதான் அது. பெயரிலேயே ஒரு மணம் இருக்கிறது, ஒப்புக்கொள்ள வேண்டும். சவூதிக்குச் சென்ற ஃபுல்லாவுக்குக் கறுப்பு அபாயாவும் கறுப்பு முக்காடும்; சற்று இளகிய நாடுகளுக்குச் சென்றவளுக்கு வெள்ளை முக்காடும் மென்னிற மேலங்கியும். கரிய கண், கரிய கூந்தல், இளஞ்சிவப்புத் தொழுகை விரிப்பு. ஆண் தோழன் கிடையாது. யாஸ்மீன், நதா என்று தோழியர் உண்டு. அவளுக்கு முன்னரே அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ரஸான் என்ற முக்காடிட்ட பொம்மையை அங்கு வாழும் முஸ்லிம்கள் செய்திருந்தனர். ஈரானில் சிறார் அறிவு வளர்ச்சிக்கான அரசு நிறுவனம் 2002இல் சாரா, தாரா என்ற உடன்பிறப்புப் பொம்மைகளை வெளியிட்டது. பாடப்புத்தகத்துப் பெயர்கள் கொண்ட, பிள்ளை உடலே உடைய அவ்விரு பொம்மைகளும் நல்ல கருத்தோடு பிறந்தவை. எனினும் சந்தையில் அவை தழைக்கவில்லை. தழைத்தவள் ஃபுல்லாதான்.

ஃபுல்லாவை ‘முக்காடிட்ட பார்பி’ என்று மேலை இதழாளர் எள்ளினர். பாதி உண்மையான இந்த எள்ளலில் பாதி அறியாமையும் உண்டு. ஃபுல்லாவின் ஆடைப்பெட்டிக்கு இரு அறைகள்: ஒன்று வெளிவாசலுக்கு, மற்றது வீட்டுக்குள். அபாயாவைக் கழற்றினால் அவள் வண்ண உடையோடு, கூந்தல் அவிழ்த்து, தோழியரோடு இருக்கிறாள். இப்பொம்மையோடு விளையாடும் பிள்ளைக்கு, உம்மா வெளியே போகும்போது போட்டுக்கொள்வதும் வீட்டுக்குள் வந்ததும் கழற்றி மாட்டிவிடுவதுமான இயல்பான வாழ்க்கையின் சாயல் அதில் கிடைக்கிறது. மறைப்பு என்பது முழுநேரச் சிறையெனக் கற்பனை செய்துகொள்ளும் அயலார்க்கு விளங்காத செய்தி அது. தன் வீட்டுப் பெண்களின் தோற்றம் கடைப்பலகையில் அழகுடைய தோற்றமாக வீற்றிருப்பதைக் காண்பது ஒரு சிறுமிக்குச் சிறிய செய்தியன்று. 2017இல் மேட்டல் நிறுவனமே, ரியோ ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற அமெரிக்க வாள்வீச்சு வீராங்கனை இப்திஹாஜ் முஹம்மதின் சாயலில் முக்காடிட்ட பார்பியை அறிவித்ததை இத்தோடு சேர்த்து எண்ணலாம். முக்காட்டின் மீதிருந்த ஒதுக்கல் இவற்றால் சிறிது நீங்கியது. இவ்வளவும் ஃபுல்லாவின் கணக்கில் வரவு.

செலவையும் பார்க்க வேண்டுமே. ஃபுல்லா உண்மையானவள், அன்பானவள், தாய் தந்தையரை மதிப்பவள் என்று விற்பனையாளர் பெற்றோரிடம் எடுத்துரைத்தனர். டிக்டர் சொல்லித்தந்த அதே வாசகம். ‘சீராக உடுத்தல்’ இருந்த இடத்தில் ‘இஸ்லாமிய நெறி’ அமர்ந்திருக்கிறது. பிறகு தொலைக்காட்சி விளம்பரம் பிள்ளைகளிடம் பேசிற்று: ஃபுல்லாவை வெளியே அழைத்துச் செல்லும்போது அவளுடைய புதிய வசந்தகால அபாயாவை மறக்க வேண்டாம் என்று. அபாயாவுக்கு ஏது வசந்தகாலம்? ஆடம்பரக் காட்சியைத் தவிர்க்க உடுத்தும் ஆடை, பருவந்தோறும் மாறும் காட்சிப் பொருளாகிவிட்டது. பள்ளிப்பை, சைக்கிள், காலை உணவுத் தானியம் என எல்லாவற்றின் மேலும் ஃபுல்லாவின் படம் ஏறிற்று. சிறுமியர் அணிந்து தொழுவதற்கு, ஃபுல்லாவின் நிறத்திலேயே முக்காடும் விரிப்பும் கொண்ட தொகுப்பும் வந்தது. பிள்ளை பொம்மைக்கு உடுத்திப் பார்ப்பது உலக வழக்கம். இங்கே பொம்மை பிள்ளைக்கு உடுத்திவிடுகிறது. தொழுகை விரிப்பை உம்மாவின் பக்கத்தில் விரித்து உம்மாவைப் பார்த்துக் குனியும் பிள்ளைக்கும், பொம்மையின் நிறத்து விரிப்பு வேண்டும் என அழும் பிள்ளைக்கும் இடையே எங்கோ ஓர் இழை அறுந்திருக்கிறது.

பார்பி கவர்ச்சியை விற்றாள், ஃபுல்லா நாணத்தை விற்றாள். இரண்டுக்கும் ஆடைப்பெட்டி ஒன்றே.

இனி நம் நூல்களிடம் போவோம். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களின் இல்லத்தில் பொம்மை வைத்து விளையாடியதையும், தோழியர் நபிகளாரைக் கண்டு ஒளிந்துகொள்ள, அவர்களை நபிகளார் மீண்டும் விளையாட அனுப்பிவைத்ததையும் புகாரியும் முஸ்லிமும் பதிவு செய்கின்றன. அந்தப் பொம்மைகளைக் குறிக்கும் அரபுச் சொல் ‘பனாத்’. பெண்மக்கள் என்பது அதன் நேர்ப்பொருள். அபூதாவூதில் வரும் நிகழ்ச்சி இன்னும் நுட்பமானது. நபி (ஸல்) அவர்கள் ஒரு படையெடுப்பிலிருந்து திரும்பி வருகிறார்கள். மாடத்தை மூடியிருந்த திரையைக் காற்று விலக்குகிறது. உள்ளே பொம்மைகள். இவை என்ன எனக் கேட்கிறார்கள். என் பெண்மக்கள் என்கிறார்கள் ஆயிஷா. அவற்றின் நடுவே, துண்டுகளால் ஒட்டுப்போட்ட இரு சிறகுகளுடன் ஒரு குதிரை. குதிரைக்குச் சிறகா என்று வியந்து கேட்க, சுலைமான் நபிக்குச் சிறகுள்ள குதிரைகள் இருந்ததைத் தாங்கள் கேள்விப்பட்டதில்லையா என்று பதில் வருகிறது. கடைவாய்ப் பற்கள் தெரியுமளவுக்கு நபிகளார் சிரித்தார்கள்.

பொம்மை கூடுமா கூடாதா என்ற வாதத்தில் சான்றாக மட்டுமே இந்த ஹதீஸை நாம் எடுத்தாள்கிறோம். அதன் பக்கத்திலேயே வைத்துப் படிக்க வேண்டிய இன்னொன்றை மறந்துவிடுகிறோம். ஆயிஷா (ரலி) அவர்கள் வாசலில் ஒரு திரைச்சீலை தொங்கவிட்டிருந்தார்கள். பயணத்திலிருந்து வந்த நபிகளார் அதனை அகற்றப் பணித்தார்கள். அத்திரையில் என்ன உருவம் இருந்தது என்பதை முஸ்லிமிலுள்ள ஓர் அறிவிப்பு சொல்கிறது: சிறகுள்ள குதிரைகள்! வேறோர் அறிவிப்பில், உருவங்கள் கொண்ட திரை ஒரு மாடத்தை மறைத்திருந்ததாகவும், அது கிழிக்கப்பட்டுத் தலையணையாக்கப்பட்டதாகவும் வருகிறது. இவை ஒரே நிகழ்ச்சியா, எது முந்தியது என்பதெல்லாம் ஹதீஸ் விரிவுரையாளர் ஆய்வுக்குரியன. இலக்கிய வாசகனின் கண்ணுக்கு ஒன்று பளிச்சிடுகிறது. அதே வீடு, அதே சிறகுள்ள குதிரை. அலங்காரமாகத் தொங்கியபோது அகற்றப்பட்டது. துணித்துண்டாகப் பிள்ளைக் கற்பனையின் நடுவே நின்றபோது சிரிப்பைப் பெற்றது. அலங்காரத் திரையும் தலையணையாகிக் கைபட்டு, முதுகு பட்டு, கசங்கும் பொருளானபின் வீட்டிலேயே இருந்தது.

உயர்த்தி மாட்டப்படும் உருவத்துக்கும், மிதிபட்டும் கசங்கியும் புழங்கும் உருவத்துக்கும் இடையே ஃபிக்ஹு நூலார் செய்யும் வேறுபாட்டுக்கு இத்தகைய அறிவிப்புகளே வேர். பொம்மையைப் பற்றி அவர்களிடையே கருத்து வேற்றுமை இல்லாமலில்லை. பெரும்பான்மையோர் சிறுமியர்க்கு அனுமதித்தனர். அந்த அனுமதி பின்னர் நீக்கப்பட்டுவிட்டது என்றோரும் உண்டு. ஒருவர் தம் மகளுக்கு உருவப்பொம்மை வாங்கித் தருவதை இமாம் மாலிக் விரும்பவில்லை என்றொரு செய்தியை இப்னு ஹஜர் குறிப்பிடுகிறார். அங்கே ‘வாங்குதல்’ என்ற சொல் என்னை நிறுத்தி வைக்கிறது. அதன் சட்டப் பொருள் எதுவாயினும் ஆகுக.

தமிழகக் கடற்கரை ஊர்களில் பரவலாகப் பின்பற்றப்படும் ஷாஃபிஈ மரபிலிருந்து ஒரு செய்தி. அப்பாசியக் கலீஃபா முக்ததிரின் காலத்தில், அதாவது 908க்கும் 932க்கும் இடையில், பக்தாதின் சந்தைக் கண்காணிப்பாளராக இருந்தவர் ஷாஃபிஈ அறிஞர் அபூ சயீத் அல்இஸ்தக்ரீ. மதுவகை தயாரிக்கப் பயன்பட்ட சரக்கின் சந்தையை அவர் அகற்றினார். பொம்மைச் சந்தையை அப்படியே விட்டுவைத்தார். ஆயிஷா (ரலி) அவர்கள் விளையாடியதையும் நபிகளார் கண்டிக்காததையும் காரணம் காட்டினார். இதை எழுதிவைத்த அல்மாவர்தீ, பொம்மைகளின் நோக்கம் பாவமன்று, பிள்ளை வளர்ப்பில் சிறுமியரைப் பழக்குவதே என்கிறார். அதோடு நிறுத்தவில்லை. உயிருள்ளவற்றின் உருவமாகவும் சிலைக்கு ஒப்பாகவும் இருப்பதால் இதனைத் தடுக்கவும் ஒரு நியாயம் உண்டு, விடவும் ஒரு நியாயம் உண்டு. சூழ்நிலைகள் தரும் சான்றைப் பார்த்தே முடிவு என்றார். 2003இன் அறிவிப்பை எழுதியவர்களுக்கு முன்னே ஆயிரமாண்டுப் பழமையுடைய இந்த நிதானம் இருந்தது.

அல்மாவர்தீ கேட்ட சூழ்நிலைச் சான்றைப் பார்பியிடமும் ஃபுல்லாவிடமும் கேட்டுப் பார்க்கலாம். ஆயிஷா (ரலி) அவர்களின் பொம்மைகள் ‘பெண்மக்கள்’. விளையாடும் பிள்ளையே அங்கு தாய். அல்மாவர்தீ சொல்லும் பயிற்சி அந்த உறவில்தான் நிகழும். பார்பியிடம் அந்த உறவு திருப்பி வைக்கப்பட்டுவிட்டது. பொம்மை பெரியவள், சிறுமி அவளை அண்ணாந்து பார்ப்பவள். ஃபுல்லாவும் அதே இடத்தில்தான் நிற்கிறாள், கையில் தொழுகை விரிப்போடு. அவளுக்கு மருத்துவர் வேடமும் ஆசிரியை வேடமும் தரலாம். அண்ணாந்து பார்ப்பது மாறாது. முன்மாதிரி நல்ல மாதிரியாக இருந்தால் போதாதா என்று கேட்பவர்களை நான் அறிவேன். முன்மாதிரிகளுக்கு நம்மிடம் பஞ்சமில்லை. பஞ்சம் வந்திருப்பது குதிரைக்குச் சிறகு ஒட்டும் கைக்குத்தான். சிறகுக்கான துணியும் அளவும் நிறமும் பெட்டியிலேயே வந்துவிட்டால், நபிகளாரிடம் சொல்ல அந்தப் பிள்ளையிடம் பதில் இருந்திருக்குமா?

நைஜீரியாவைச் சேர்ந்த ஹனீஃபா ஆதம் என்ற இளம்பெண், 2015இன் இறுதியில் தம்மிடமிருந்த பார்பிக்குத் தம் கையாலேயே முக்காடும் நீண்ட உடையும் தைத்துப் படமெடுத்து உலகறியச் செய்தார். நிறுவனங்கள் செய்த முக்காட்டுப் பொம்மைகளைவிட அது எனக்கு ஏற்புடையதாகப் படுகிறது. பொம்மை வாங்கியதுதான், உடை வாங்கியதன்று.

மறுவார்ப்புப் பொம்மைக்குத் திரும்புவோம். அதன் நிலை இன்னும் கடினம். சிறுமியின் விளையாட்டு என்ற ஒரே வாசல் வழியாகத்தான் உருவப்பொம்மைக்கு நம் மரபு இடங்கொடுத்தது. பெட்டி பிரிக்கப்படாமல், கண்ணாடிக்குள், விளக்கொளியில், எவர் கையும் படாமல் நிற்கும் பொம்மை அந்த வாசலைத் தானே சாத்திவிடுகிறது. அப்போது அது மாடத்துக்கு உள்ளிருந்த குதிரை அன்று, வாசலில் தொங்கிய திரை. பழைய அழகைப் பேணும் ஆர்வத்தை நான் இகழவில்லை. ஜப்பானியத் தையற்காரியின் ஊசிவேலை அருங்காட்சியகத்தில் இருக்கத் தகுந்ததே. ஆனால் அந்தப் பொம்மைக்கு விளையாட்டுப் பொருள் என்ற பெயரை இன்னும் சூட்டிக்கொண்டிருப்பது சொல்லுக்குச் செய்யும் கொடுமை. விளையாடப்படாமைதானே அதன் விலை.

இதை மேலைநாட்டுச் சேகரிப்பாளரின் கிறுக்கென்று ஒதுக்கிவிட முடியாதபடி ஒன்று என் நினைவில் இருக்கிறது. சவூதியிலிருந்து விடுமுறையில் வந்த உறவினர் ஒருவர், தம் அண்ணன் மகளுக்கு ஃபுல்லா ஒன்று கொண்டுவந்தார். அழுக்காகிவிடும் என்று அதைப் பெட்டியோடு கூடத்துக் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள். பக்கத்தில் ஸம்ஸம் தண்ணீர்ப் புட்டியும் கஅபாவின் சிறுமாதிரியும் கொரியாவில் செய்த தேநீர்க் கோப்பைகளும். நம் ஊர் வீடுகளில் எத்தனை வெளிநாட்டுப் பொம்மைகள் இப்படிப் பாலித்தீன் உறை கழற்றாமலே முதுமை அடைந்திருக்கின்றன! சேகரிப்பாளரின் நியதியை எவரும் கற்பிக்காமலே நாம் கைக்கொண்டிருந்தோம். வந்தவர்களெல்லாம் பொம்மையின் முக்காட்டைப் பார்த்து, நல்ல பொம்மை என்றார்கள். சிறுமி கண்ணாடியில் மூக்கை அழுத்தி நின்றாள்.

இரண்டாண்டு கழித்து நான் சென்றபோது அலமாரியில் பொம்மை இல்லை. பூட்டு பழுதாகி, ஒருவாறு பிள்ளையின் கைக்கு வந்து சேர்ந்திருந்தது. அபாயா எங்கோ தொலைந்துவிட்டது; ஒரு கையையும் காணோம். பாட்டியின் பழைய துப்பட்டியிலிருந்து கிழித்த ஒரு துண்டைச் சுற்றி, முடிச்சிட்டு, திண்ணையில் படுக்க வைத்திருந்தாள். இது யார் என்று கேட்டேன். ஃபுல்லா என்ற பெயர் அவளுக்கு நினைவில்லை. என் மகள், காய்ச்சல், சத்தம் போடாதீர்கள் என்றாள்.